பிரிவும் பிரிவின் விதிகளும்



நம் ஊர்களில் கூட்டுக் குடும்பங்கள் பாகம் பிரியும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். "இனி ஒத்து வராது, பிரிந்துகொள்வோம்" என்று மூத்தவர் சொல்லிவிட ஒரு நொடி போதும். ஆனால், கிணற்று நீரில் யாருக்கு எத்தனை நாள் முறை, இரு நிலங்களுக்கும் நடுவே செல்லும் வண்டிப்பாதை யாருக்கு உரியது, தந்தை பட்ட கடனில் யார் பங்கு எவ்வளவு என்று எழுதத் தொடங்கினால் மாதங்கள் கழிந்துவிடும். பிரிவு என்பது ஒரு சொல். பிரிவின் விதிகளோ ஓராயிரம். வீட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாட்டுக்கும் பொருந்தும். அதற்குச் சான்றாக, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய வரலாற்றையும், விலகும் விதிகளைப் பற்றி அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் நிகழ்ந்த வாதத்தையும் இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

1957ஆம் ஆண்டில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் நகரில் ஓர் உடன்படிக்கை செய்து பொதுச் சந்தை ஒன்றை அமைத்தன. பிரிட்டன் முதலில் ஒதுங்கி நின்றது. பின்னர்ச் சேர விரும்பியபோது, பிரெஞ்சு அதிபர் தெ கோல் 1963இலும் 1967இலும் கதவை அடைத்துவிட்டார். இறுதியில் 1973 ஜனவரி முதல் நாளன்று பிரிட்டன் உள்ளே சென்றது. 1975இல் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் மூன்றில் இருபங்கினர் அதனை ஏற்றனர். நாளடைவில் அச்சந்தை வெறும் சந்தையாக நிற்கவில்லை. சரக்கும் மூலதனமும் தொழிற்சேவையும் மனிதரும் எல்லை கடந்து தடையின்றிச் செல்லும் ஒன்றியமாயிற்று. பொதுச் சட்டங்களும் பொது நீதிமன்றமும் வலுப்பெற்றன. "நம் சட்டங்களை, நாம் தேர்ந்தெடுத்தவர் அல்லாத பிறரும் சேர்ந்து இயற்றுவதா?" என்ற வினா பிரிட்டனில் எழுந்தது. அவ்வினாவை அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தன்னை ஆள்பவரைத் தானே நீக்கும் உரிமை குடியாட்சியின் உயிர்நிலை அன்றோ?

2016 ஜூன் 23ஆம் நாள் மக்களிடம் கேட்கப்பட்டது. விலக வேண்டும் என்றோர் 51.9 விழுக்காடு, இருக்க வேண்டும் என்றோர் 48.1 விழுக்காடு. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பெரும்பான்மையோர் இருக்கவே விரும்பினர்.

பல்லாண்டுகள் வினாத்தாள் அமைத்துப் பழகியவன் நான். அந்தக் கண்ணால் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. வாக்குச்சீட்டில் இருந்த வினா ஒன்று: இருப்பதா, விலகுவதா? இருப்பதன் பொருள் எல்லாரும் அறிந்ததே. விலகுவதன் பொருளோ ஒன்றன்று. நார்வேயைப் போல் சந்தையின் உள்ளே நின்று, அதன் விதிகளையும் ஏற்றுக்கொள்வது ஒரு வழி. சுங்கவரியில் மட்டும் ஒன்றியத்தோடு சேர்ந்திருப்பது மற்றொரு வழி. கனடாவைப் போல் வெளியில் நின்று வணிக உடன்பாடு செய்துகொள்வது மூன்றாம் வழி. உடன்பாடே இன்றி வெளியேறுவது நான்காம் வழி. நான்கு விடைகள் ஒரே கட்டத்துக்குள் அடைபட்டிருந்தன. மாணவன் அக்கட்டத்தில் குறியிட்டால், அவன் எதனைக் கருதினான் என்று திருத்துபவர் எவ்வாறு அறிவார்?

விலகும் நாடு இரண்டாண்டுக்குள் பேச்சை முடிக்க வேண்டும் என்பது ஒன்றியத்தின் விதி. 2017 மார்ச் 29ஆம் நாள் பிரதமர் தெரேசா மே விலகல் அறிவிப்பை அளித்தார். 2018 நவம்பரில் உடன்படிக்கை உருவாயிற்று. அதில் முதன்மையான பொருள்கள் மூன்று. ஒன்று, மக்கள் உரிமை. பிரிட்டனில் குடியேறி வாழ்ந்த ஐரோப்பியர் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர். ஐரோப்பாவில் வாழ்ந்த பிரிட்டிஷார் ஏறத்தாழ 10 லட்சம் பேர். இவர்கள் வீடும் வேலையும் என்னாவது? இரண்டு, கடன் தீர்வு. முன்னரே ஒப்புக்கொண்ட செலவுகளுக்குப் பிரிட்டன் ஏறத்தாழ 3,900 கோடி பவுன் தர வேண்டும் என மதிப்பிடப்பட்டது. மூன்றாவதே அவிழா முடிச்சு. அதுதான் அயர்லாந்து எல்லை.

அயர்லாந்துத் தீவின் வடபகுதி பிரிட்டனைச் சேர்ந்தது; ஏனையது தனிக் குடியரசு. இடையே ஓடும் எல்லை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 1960களின் இறுதி முதல் முப்பதாண்டுகள் நடந்த பூசலில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். 1998இல் ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. காவற்சாவடிகள் நீங்கின. வேகப் பலகையில் மைல் கணக்குப் போய்க் கிலோமீட்டர் கணக்கு வருவதைக் கொண்டே எல்லை கடந்ததை உணரும் அளவுக்கு அமைதி நிலவியது. ஒரு பக்கம் ஒன்றியம், மறுபக்கம் ஒன்றியத்துக்கு வெளியே என்றானால், சரக்கை எங்கே சோதிப்பது? எல்லையில் சோதித்தால் பழைய சாவடி திரும்பும். சாவடி திரும்பினால் பழைய பகையும் திரும்புமோ என்ற அச்சம் எழுந்தது. ஆகவே, வேறு வழி காணும்வரை நாடு முழுவதும் ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் நிற்கும் என்று ஒரு காப்பு ஏற்பாட்டை உடன்படிக்கையில் எழுதினார்கள்.

2019 ஜனவரி 15ஆம் நாள் காமன்ஸ் சபை அதனை 432க்கு 202 என்ற கணக்கில் தள்ளியது. அந்நாட்டின் இக்கால வரலாற்றில் எந்த அரசும் இத்தகைய தோல்வியைக் கண்டதில்லை. இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். முழு விலகலை நாடியோர், இக்காப்பு ஏற்பாட்டிலிருந்து என்றுமே மீள முடியாது என்று எதிர்த்தனர். இருந்துவிடவே விரும்பியோர், விலகாமல் இருந்த நிலையைவிட இது தாழ்ந்தது என்று எதிர்த்தனர். நேர்மாறான காரணங்கள் ஒரே பக்கத்தில் கூடி நின்றன. மார்ச் மாதத்தில் மேலும் இருமுறை அவ்வுடன்படிக்கை தோற்றது. ஒரே கூட்டத்தொடரில் ஒரே பொருளை மீண்டும் மீண்டும் வாக்குக்கு விடலாகாது என்ற, 1604ஆம் ஆண்டிலிருந்து வரும் மரபைச் சபாநாயகர் பெர்க்கோ எடுத்துக்காட்டினார்.

பின்னர் உறுப்பினர்களே வழி காண முயன்றனர். மார்ச் 27ஆம் நாள் எட்டு யோசனைகள் வாக்குக்கு வந்தன, எட்டும் வீழ்ந்தன. ஏப்ரல் முதல் நாள் நான்கு யோசனைகள் வந்தன, நான்கும் வீழ்ந்தன. அவற்றுள் சுங்க ஒன்றிய யோசனை 273க்கு 276 என்று மூன்றே வாக்கில் தோற்றது. இருவர் மட்டும் மனம் மாறி இப்பக்கம் வந்திருப்பின் அது வென்றிருக்கும். ஒவ்வொருவரும் தமக்கு மிக உகந்ததையே எதிர்நோக்கி, ஓரளவு உகந்ததைக் கைநழுவ விட்டனர். எதனை வேண்டாம் என்பதற்குச் சபையில் பெரும்பான்மை இருந்தது. எது வேண்டும் என்பதற்கு இல்லை.

பிரதமர் மே பதவி துறந்தார். அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் சபையை ஐந்து வாரம் ஒத்திவைத்தார். அச்செயல் சட்டத்துக்கு மாறானது என்று 2019 செப்டம்பர் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அக்டோபரில் புதிய ஏற்பாடு வந்தது. அதன்படி வட அயர்லாந்து சரக்கு விதிகளில் ஒன்றியத்தை ஒட்டி நிற்கும். சோதனை கடல்வழியில் நடைபெறும். டிசம்பர்த் தேர்தலில் ஜான்சன் வெற்றி பெற்றார். 2020 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டன் விலகியது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் வணிக உடன்பாடு முடிந்தது. விலகல் விதிகளை மாதக்கணக்கில் வாதித்த அதே சபை, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட இவ்வுடன்பாட்டுக்குரிய சட்டத்தை டிசம்பர் 30ஆம் நாள், ஒரே நாளில், நிறைவேற்றிவிட்டது!

முடிச்சு அத்தோடு அவிழ்ந்ததா? இல்லை. தம் நாட்டுக்குள்ளேயே கடல் எல்லை வந்துவிட்டது என்று வட அயர்லாந்தின் ஒரு பெருங்கட்சி வெகுண்டது. அக்கட்சி ஒத்துழையாமையால் அங்குள்ள ஆட்சிமன்றம் 2022 முதல் 2024 பிப்ரவரி வரை செயலற்றுக் கிடந்தது. 2023இல் வின்ஸர் நகரில் விதிகளை மீண்டும் திருத்தி எழுத நேர்ந்தது.

இதற்கு முன்னும் ஒரு பிரிவு நிகழ்ந்ததுண்டு. ஏறத்தாழ அரை லட்சம் மக்களே வாழும் கிரீன்லாந்து 1982இல் விலக வாக்களித்து, 1985 பிப்ரவரி முதல் நாளன்று விலகியது. மீன் ஒன்றே அங்கு முதன்மைப் பொருள். ஐரோப்பியப் படகுகள் அங்கே மீன் பிடிக்கலாம். கிரீன்லாந்து மீன் ஐரோப்பாவில் வரியின்றி விற்கலாம் என்று பேசி முடித்தனர். அத்தனை எளிய பிரிவுக்கும் மூன்றாண்டு ஆயிற்று. அங்ஙனமாயின், நாற்பதாண்டுக்கு மேல் பின்னிப் பிணைந்த பெருநாட்டின் பிரிவு எளிதில் முடியுமோ?

பள்ளியில் நாங்கள் நடத்திய சொற்போர்களில், "நகர வாழ்வா, நாட்டுப்புற வாழ்வா" என்பது போன்ற தலைப்புகளைக் கொடுப்போம். பிள்ளைகள் அழகாக வாதிடுவார்கள், நடுவர் தீர்ப்புரைப்பார், கைதட்டி வீடு திரும்புவோம். தீர்ப்பின்படி மறுநாளே எவனும் வீடு மாற வேண்டியதில்லை. நாடு நடத்தும் சொற்போர் அத்தகையதன்று. தீர்ப்பின் மறுநாளே அதற்கேற்ப வாழ வேண்டும். தோற்ற பக்கத்தாரும் அதே வீட்டில் வாழ வேண்டும். மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் போதிய அளவு சொல்லித்தரவில்லையே என்று இப்போது எண்ணுகிறேன். வெல்வதற்கு வாதிடக் கற்பித்தோம். வாதம் முடிந்தபின் எதிரியோடு அமர்ந்து விதி எழுதக் கற்பித்தோமா?

பிரிட்டன் விலகியது சரியா, தவறா என்பதை அந்நாட்டு மக்களே முடிவு செய்வர். நமக்குரிய பாடம் வேறு. ஒரு பெரிய முடிவைக் கேட்பதற்கு முன், அதன் விதிகளைக் கேளுங்கள். பாகம் பிரிவதானால், கிணற்றையும் வண்டிப்பாதையையும் பற்றி முதலில் பேசுங்கள். பேசி முடித்த பின்னும் பிரிவதே நன்றென்று தோன்றினால், பிரியுங்கள். அப்போதுதான் பிரிந்த அண்ணனும் தம்பியும் அதே பாதையில் எதிர்ப்படும்போது, முகம் திருப்பாமல் நின்று நலம் விசாரிக்க முடியும்.