எலியின் தலையெழுத்து
(கிளியனூரில் ஆற்றிய சொற்பொழிவு)



"அப்பனுக்கு இரத்தக் கொதிப்பு, எனக்கும் வந்துவிட்டது, எல்லாம் தலையெழுத்து, மாத்திரை என்ன செய்யும்?" என்கிறார்கள். பரம்பரை மெய்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பரம்பரை வேறு, தலையெழுத்து வேறு.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் ஒகமோட்டோ, அவோகி என்னும் இருவர், கொதிப்பு மிகுந்த எலிகளையே பொறுக்கித் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, தானாகவே கொதிப்பேறும் ஒரு வம்சத்தை உண்டாக்கி 1963-ல் வெளியிட்டார்கள். (பிரம்மா எழுதவில்லை, இரண்டு மனிதர்கள் எழுதினார்கள்!) அவ்வெலிகளுக்கு இருதயம் தடித்து, இரத்தக் குழாய் விறைத்து, காலத்துக்கு முன்பே கிழத்தன்மை வந்துவிடுகிறது. அவற்றில் பக்கவாதம் காணும் கிளை சுமார் 15 மாதத்தில் மாண்டுபோகும். 1997-ல் ஜெர்மானிய ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு ஒரு மாத வயது முதலே ராமிப்ரில் என்ற மருந்தைக் கொடுத்துவந்தார்கள். அதே வம்சம், அதே இரத்தம். 30 மாதம் உயிரோடிருந்தது! கொதிப்பில்லாத எலியின் ஆயுளும் அவ்வளவுதான். எந்தக் கோவிலில் அர்ச்சனை செய்தார்கள் அந்த எலிக்கு?

மனிதனுக்கும் ஆயுள் இரட்டிக்கும் என்று நான் சொல்லவரவில்லை. மாத்திரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. அப்பனுக்கோ தாய்க்கோ கொதிப்பிருந்தவர்கள் நாளைக்கே போய்க் கையில் பட்டை சுற்றி அளந்து பாருங்கள். கொதிப்பு வலியெடுத்துச் சொல்லிவிட்டு வருவதில்லை.