எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு

சிவகாசிப் பக்கம் காலையில் பட்டாசு ஆலை பஸ்ஸுக்கு நிற்கும் அம்மாக்களுக்கு ஒரு தகவல். ஒன்பது வயசாகியும் பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறுகிறதா? "மக்கு" என்று திட்டாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கச் சொல்வார். மருத்துவ முகாமுக்குப் போகச் சொன்னால் ஒருநாள் கூலி போகும்தான், போகட்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் அங்கேதான் வழி பிறக்கும்.

இப்படித் திணறுவது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதுவும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் கேட்கலாம். தேர்வு நெருங்கியபின் ஓடாமல், ஜூனிலேயே மனு கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.