பிள்ளைகளும் தேனீயும்
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கி கவுண்ட்டரில் காலம் தள்ளியவனுக்குத் தேனீயைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஓய்வுக்குப் பிறகு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி எடுத்தேன். அந்தத் தைரியம்தான்.

சென்ற மாதம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்த கூட்டின் மேல் பையன்கள் கல் வீசியது உங்களுக்குத் தெரியும். அதில் என் பேரனும் ஒருவன். நான்கு இடத்தில் கொட்டியது. பயிற்சி எடுத்த நானே பதறிப்போய்ச் சுண்ணாம்பைத் தேடி ஓடினேன். அது தப்பு. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நின்றுவிடும். அதோடு ஒட்டிய நஞ்சுப்பை உள்ளே நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். முதல் வேலையாக நகத்தாலோ ஏடிஎம் கார்டு விளிம்பாலோ சுரண்டி எடுத்துவிடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

தொட்டியடியில் இருப்பது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. சீண்டினால் கூட்டமாகத் துரத்தும். மொட்டைமாடிக் கதவைப் பூட்டி வைப்பதுதான் வழி. பெட்டியில் வளர்ப்பது அடுக்குத் தேனீ. சாதுதான், ஆனால் கொட்டும். பிள்ளைகளுக்கு முதலில் கொசுத்தேனீ போதும். அதற்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது. மண்பானையிலேயே வளரும். காலில் மகரந்தத்தை உருண்டையாக ஒட்டிக்கொண்டு அது வாசலில் நுழைவதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். தேன் கொஞ்சம்தான் கிடைக்கும். (ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் தொட்டு வைக்காதீர்கள். பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.)

கொஞ்சம் பெரியவர்கள் ஆனதும் அடுக்குத் தேனீப் பெட்டியைக் காட்டலாம். வெளிர்நிற முழுக்கைச் சட்டை, முகவலை, பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். சென்ட், மல்லிகைப்பூ வேண்டாம். பெட்டியின் வாசலுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். கையை வீசக் கூடாது. ஒரு தேனீயையும் நசுக்கக் கூடாது. நசுங்கியதிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவற்றை உசுப்பிவிடும். அந்த வாசனை வாழைப்பழம் போலிருக்கும் என்றால் நம்புவீர்களா?

பூங்கா வேலியோரம் இரண்டு கொசுத்தேனீப் பானை வைக்க அனுமதி கேட்கிறேன். செலவு என்னுடையது. வீட்டில் யாருக்காவது தேனீக் கடி ஒவ்வாமை இருந்தால் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் பானை வாங்குவேன்.