எளிய காமிராவும் விடுமுறைப் படமும்

1900-ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தார் ஒரு டாலர் விலையில் பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவை வெளியிட்டனர். தூரத்துக்கேற்ப அதன் வில்லையைத் திருத்த வழியில்லை. மிக நெருங்கினால் உருவம் மங்கும். அத்தகைய காமிரா எதுவாயினும் எட்டடி தள்ளி நிற்பதே நலம்.

வெளிச்சந்தான் பெரிய செய்தி. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் கிழக்கு நோக்கியது. காலையில் அதன் மேற்புறத்தே குடும்பத்தாரை நிறுத்தினால் கதிரவன் அவர்களுக்குப் பின்னே இருப்பான். பாட்டியின் முகம் இருண்டுவிடும். மாலைவரை பொறுங்கள், இயலாதெனின் கோயிலை விட்டுவிடுங்கள். கோயிற் படம் கடையிலும் கிடைக்கும். பாட்டியின் படம் கிடைக்குமா?

அவரை விறைப்பாக நிறுத்தவும் வேண்டா. பேரனுக்குச் சுண்டற் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது, காமிராவை உடலோடு அணைத்து, மூச்சடக்கி, விசையை மெல்ல அழுத்துங்கள்.