கடையில் ஒரு ஸ்டூல்



வேலையிடத்தில் அன்றாடம் நடக்கும் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பெரிய தலைப்பு. அதில் ஒரு ஸ்டூலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஸ்டூல்.

நின்றே வேலை செய்பவருக்கு, இடையில் நேரம் கிடைத்தால் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்லிவிட்டது. அது ஆலைக்கு. தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் அதற்கும் ஓராண்டு மூத்தது. ஆனால் உட்காரும் உரிமையைத் தரும் 22-ஏ பிரிவு அதில் சேர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1899லேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது.

நமக்கு முன்னால் 2018இல் கேரளம் இதைச் செய்தது. அங்கேயும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் அன்று கழிப்பறை இருக்கவில்லை. அதற்குப் பயந்தே பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது உட்கார இடம். திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் கடையில் கிடைக்காத இருக்கைக்காகத் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள்.

ஏன் இத்தனை காலம்? செலவு என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் சேலை கட்டி நிற்கும் பொம்மையின் விலைக்குச் சில ஸ்டூல்கள் வாங்கிவிடலாம். கடைக்காரர்கள் சொல்லும் காரணம் வேறு: வாடிக்கையாளர் நிற்கும்போது வேலையாள் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதாம். இது நம் பழக்கமா? பழைய பட்டு ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். காஞ்சிபுரத்தில் இன்றும் அப்படி விற்கிற கடைகள் உண்டு. கல்லாவில் இருப்பவர் எழுந்தா காசு வாங்குகிறார்? வங்கிக் காசாளர் உட்கார்ந்தபடியே பணம் கொடுத்தால் நம்மில் யாருக்காவது கோபம் வருகிறதா? உட்காருவது நம்மை உறுத்துவதில்லை. உட்காருகிற ஆளைப் பொறுத்தே உறுத்துகிறது.

இந்த உறுத்தலுக்கு வேர் எங்கே என்பது நமக்குத் தெரியும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், தலித் பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த புகைப்படத்தை நாடே பார்த்தது. மற்றவர்களுக்கு நாற்காலி இருந்தது. அது வன்கொடுமை வழக்கானது. கடையில் நடப்பதை அதோடு சமமாக வைக்க மாட்டேன். வைத்தால் அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். ஆனால் யார் முன்னால் யார் உட்காரலாம் என்ற பழைய கணக்கு, 'கடை ஒழுங்கு' என்ற பெயரில் குளிர்சாதன மாடிக்கும் ஏறிவிட்டது. சென்னை இரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடை ஊழியர்களை வைத்து 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள், மறு வாரமே அங்கே போய்ச் சேலை எடுத்திருப்பார்கள். அதில் தப்பில்லை. எடுத்துப் போட்டவரின் வீங்கிய காலைப் பார்த்தோமா என்பதுதான் கேள்வி.

22-ஏ பிரிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ள ஏதுவாக இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த வாய்ப்பு வந்ததா இல்லையா என்று முடிவு செய்பவர் யார்? சூப்பர்வைசர். கூட்டம் இல்லாத மதியத்திலும், 'சும்மா இருக்கியே, அந்த அடுக்கை மடிச்சு வை' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், வாய்ப்பு காணாமல் போய்விடும். தலைக்கு மேலே கேமரா வேறு. ஆய்வாளர் வரும் நாளில் ஸ்டூலைக் காட்டிவிடலாம். அதில் உட்காரும் தைரியத்தை எந்தப் பதிவேட்டில் காட்டுவது?

உட்கார்ந்த பெண்ணைப் பற்றி மேனேஜரிடம் புகார் சொல்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த ஆடித் தள்ளுபடிக்குப் போகும்போது, பில் போடுகிற இடத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்: 'இந்த மாடியில் வேலை செய்பவர்களுக்கு ஸ்டூல் எங்கே?' அந்தப் பெண் கேட்டால் வேலை போகும். நீங்கள் கேட்டால் முதலாளி ஒரு வியாபாரம் போகுமே என்று யோசிப்பார்.