கல்லங்குறிச்சியின் கடல்



கலியுக வரதராசப் பெருமாள் குடிகொண்ட ஊரில் நின்று கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லாய்ப் போன சிப்பியைப் பார்க்காத பிள்ளை இங்கே உண்டா? அதற்குக் கிரைபியா என்று பெயர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் கிடந்தபோது வாழ்ந்த உயிர் அது.

7 கோடி என்று இன்று நாம் கூசாமல் சொல்கிறோம். அந்தத் துணிச்சல் பிறந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதுவரை ஐரோப்பாவில் பெரும்பாலோர் உலகத்தின் வயது ஆறாயிரம் ஆண்டுதான் என்று நம்பியிருந்தார்கள். அதை அசைத்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன். உழவு பார்த்தவர், ஐயா! மழை தன் வயல் மண்ணை அரித்துப் போவதைக் கண்ணால் கண்டவர். அந்த மண் கடலடியில் படிந்து, இறுகிக் கல்லாகி, பூமியின் உள்வெப்பத்தால் மறுபடி மேலே எழும்புகிறது என்று 1785இல் எடின்பரோ அறிஞர் அவையில் அவருடைய கட்டுரை சொன்னது. 1788இல் நண்பர்களைப் படகில் சிக்கர் பாயிண்ட் கரைக்கு அழைத்துப் போனார். அங்கே செங்குத்தாக நிற்கிறது ஒரு பாறை அடுக்கு. அதன் தலைமேல் சாய்ந்து படுத்திருக்கிறது இன்னொன்று. கீழடுக்கு படிந்து, எழுந்து, நிமிர்ந்து, தேய்ந்த பிறகல்லவா மேலடுக்கு படிந்திருக்கும்? அத்தனைக்கும் ஆறாயிரம் ஆண்டு எந்த மூலைக்கு?

பாறைக்கு மட்டுமல்ல, உயிர்களுக்கும் இப்படி ஒரு பழங்கதை உண்டு. 1796இல் பாரிசில் குவியே என்ற விலங்கியல் அறிஞர் இலங்கை யானையின் மண்டையோட்டையும் ஆப்பிரிக்க யானையின் மண்டையோட்டையும் ஒப்பிட்டார். இரண்டும் வேறு வேறு இனம். சைபீரியாவின் மாமூத் இரண்டிலும் சேராது. அந்த இனமே பூண்டோடு அற்றுப்போனது என்றார்.

கடலடி மேலெழுந்த கதையும் உயிரினம் அற்றுப்போன கதையும் நம் சுரங்கச் சுவர் ஒன்றிலேயே இருக்கின்றன. அந்தப் பாறைத் தொகுதியை நிலவியலாளர்கள் நம் ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

சிமெண்டுக்குக் கல் வேண்டும். எத்தனையோ வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். சுரங்கத்தை மூடச் சொல்ல நான் வரவில்லை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பி, தான் எந்த அடுக்கின்மேல் கிடந்தது என்று சொல்லாதே! ஆகையால், வேலை முடிந்த குழியில் ஒரு பக்கச் சுவரையாவது வெடி வைக்காமல், மண் போட்டு மூடாமல் விட்டுவையுங்கள். பாதுகாப்பாக இறங்கப் படி அமைத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று ஊராட்சி மன்றத்தை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.