பாண்டாவின் ஒரு நாள்

(ஜொகூர் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்கு துடைத்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அலுப்போடு வந்து அமர்ந்திருக்கும் உங்களிடம், இன்று ஒரு கரடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கரடிக் கதை சொல்லவா அரசாங்கம் ஆள் அனுப்புகிறது என்று நீங்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். இது நம் தோட்டத்து வேலியருகே வந்து முடியும் பேச்சு.

சீன நாட்டின் மலைக்காடுகளுக்கு உரிய பாண்டாக் கரடிகள் இரண்டு, 2014ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தன. மலேசியாவும் சீனாவும் அரசதந்திர உறவு கொண்டு 40 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு வந்த விருந்தாளிகள் அவை. ஆணுக்குச் சிங் சிங் என்றும் பெண்ணுக்கு லியாங் லியாங் என்றும் இங்கே பெயர் சூட்டப்பட்டது. தேசிய மிருகக்காட்சி சாலையில், அவற்றுக்கென அமைக்கப்பட்ட குளிரூட்டிய இல்லத்தில் 11 ஆண்டுகள் வாழ்ந்து, 2025ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் அவை தாயகம் திரும்பின.

அவற்றைப் பார்த்து வந்த பிள்ளைகளை, "பாண்டா என்ன செய்தது?" என்று கேட்டிருக்கிறோம். "தின்றுகொண்டிருந்தது" என்பான் ஒருவன். "தூங்கிக்கொண்டிருந்தது" என்பாள் மற்றொருத்தி. இருவரும் சொன்னது உண்மையே. பாண்டாவின் ஒரு நாள் இவ்விரண்டிலேயே பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. ஆனால், அது சோம்பேறி என்று முடிவு கட்டினால் நாம் தவறு செய்தவர்கள் ஆவோம்.

பாண்டா கரடிக் குலத்தைச் சேர்ந்தது. அதன் குடல் புலால் உண்ணும் விலங்கின் குடலைப் போன்றது. அது உண்பதோ மூங்கில். மாட்டுக்குள்ளதைப் போன்ற பல அறைகள் கொண்ட வயிறு அதற்கு இல்லை. ஆதலால், தின்ற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூட அதன் உடம்பில் சேர்வதில்லை. இந்தக் குறையை ஈடுசெய்ய அது நாளொன்றுக்கு 12 முதல் 38 கிலோ வரை மூங்கில் தின்ன வேண்டியிருக்கிறது. அதற்கே 10 முதல் 14 மணி நேரம் ஆகிறது. தின்ற களைப்புத் தீரச் சில மணி நேரம் உறங்குகிறது. எழுந்து மீண்டும் தின்கிறது. வரவு குறைவென்றால் செலவைச் சுருக்க வேண்டும் என்பது நம் தாய்மார்கள் அறியாததா? பாண்டா ஓடாமல் ஆடாமல் இருப்பதும் அத்தகைய சிக்கனமே.

அது உண்ணும் முறையைப் பார்ப்பதே ஓர் இன்பம். மனிதனைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னங்காலில் மூங்கிலைப் பற்றிக்கொள்கிறது. அதன் மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு வளர்ந்து, ஆறாவது விரல் போல், கட்டை விரலின் வேலையைச் செய்கிறது. பல்லால் பட்டையை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் தண்டைக் கடிக்கிறது. கொடுத்ததையெல்லாம் அது தின்றுவிடுவதும் இல்லை. முகர்ந்து பார்க்கும், பிடிக்கவில்லையென்றால் தள்ளிவிடும். ஒரு பருவத்தில் குருத்தை நாடும். மற்றொரு பருவத்தில் இலையை நாடும். நேற்று விரும்பித் தின்ற மூங்கிலை இன்று தீண்டாமல் விடுவதும் உண்டு.

இவ்விடத்தில்தான் பராமரிப்பாளரின் திறமை தேவைப்படுகிறது. உங்கள் நிரையில் உள்ள மரங்களெல்லாம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கின்றன. எனினும், எந்த மரத்தின் பட்டை மெல்லியது, எந்த மரம் மழைக்குப் பின் பால் குறைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். புத்தகம் படித்தா அறிந்தீர்கள்? நாள்தோறும் அதன்முன் நின்று அறிந்தீர்கள். விலங்கைப் பேணுவோரும் அவ்வாறே அறிகின்றனர். ஒரு பாண்டா துணிவுடன் முன்வரும். ஒன்று புதிய ஓசை கேட்டாலே ஒதுங்கிவிடும். தின்றது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று நிறுத்துக் குறிக்கின்றனர். அதன் சாணத்தையும் பரிசோதிக்கின்றனர். வழக்கத்தில் சிறு மாற்றம் தெரிந்தாலும், நோய் வருமுன்பே கண்டுகொள்கின்றனர்.

பாண்டாவின் மற்றொரு குணம் தனிமையை விரும்புதல். பெண் பாண்டா கருத்தரிக்கும் காலம் ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் ஒன்றிரண்டு நாட்களே. மிஞ்சினால் மூன்று நாட்கள். மற்றக் காலத்தில் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பேணுவதே வழக்கம். பிறக்கும் குட்டியோ தாயின் எடையில் ஏறக்குறைய 900இல் ஒரு பங்கு! இத்தகைய அருமையிலும், லியாங் லியாங் நம் மண்ணில் 2015, 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெண் குட்டிகளை ஈன்றது. நுவான் நுவான், யீ யீ, செங் யீ என்று பெயரிடப்பட்ட அக்குட்டிகளும் உடன்படிக்கைப்படி தாயகம் சென்றுவிட்டன. பேணுவது நம் கடமை. உரிமை கொண்டாடுவது நம் வேலையன்று. இதையும் அவ்விருந்தாளிகள் நமக்கு உணர்த்திச் சென்றன.

தோழர்களே, இனிச் சற்று வருத்தமான ஒரு செய்தி. சீ சீ என்னும் பெண் பாண்டா 1957ஆம் ஆண்டில் சீனக் காட்டில் இளங்குட்டியாகப் பிடிபட்டது. அடுத்த ஆண்டு லண்டன் மிருகக்காட்சி சாலையை அடைந்தது. மக்கள் அதைக் கொண்டாடினர். உலக வனவிலங்கு நிதியம் 1961இல் தன் சின்னத்தை அமைத்தபோது அதற்குத் தூண்டுதலாக இருந்ததும் சீ சீயே. துணை தேடி, 1966இல் அதை மாஸ்கோவிலிருந்த ஆன் ஆன் என்ற ஆண் பாண்டாவிடம் கொண்டு சென்றனர். 1968இல் ஆன் ஆன் லண்டனுக்கு வந்தது. இரு முறையும் சீ சீ அதை ஏற்கவில்லை. சிறு வயது முதல் மனிதரிடையே வளர்ந்ததால் அது மனிதரையே தன் இனமாகக் கருதிவிட்டது என்று அக்காலத்து அறிஞர் பலர் எண்ணினர். 1972இல் அது குட்டியின்றியே இறந்தது. அதன்மீது யாரும் கோபம் கொள்ளவில்லை. யாரும் அதை அடிக்கவில்லை. அன்பு செலுத்தினர். ஆயினும் அது தன் இனத்தோடு சேர முடியாமல் போயிற்று.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். பாண்டா நம் காட்டில் இல்லை. ஆனால், அதன் உறவுக்காரக் கரடி ஒன்று இருக்கிறது. உலகிலுள்ள எட்டு வகைக் கரடிகளுள் மிகச் சிறியதான அது, மலாய் மொழியில் 'பெருவாங் மாத்தாஹாரி' எனப்படுகிறது. கரிய உடல், மார்பில் உதய சூரியனைப் போன்ற மஞ்சள் பிறை, தேன் கூட்டைத் துழாவும் நீண்ட நாக்கு. எண்டாவ் ரொம்பின் காடுகள் அதன் இருப்பிடங்களுள் ஒன்று. காட்டை ஒட்டிய தோட்டங்களில் வேலை செய்வோர் அதன் நகக் கீறலை மரத்தில் கண்டிருக்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன், காட்டோரத் தோட்டமொன்றில் அத்தகைய குட்டி ஒன்று வளர்க்கப்படுவதைக் கண்டோம். தனியே கிடந்ததாம், இரக்கப்பட்டு எடுத்து வந்தார்களாம். டின் பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் தங்கை போல் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். மறு ஆண்டு நாம் சென்றபோது, அது பலா மரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது. நகம் நீண்டுவிட்டது, பிள்ளை ஒன்றைக் கீறியும் விட்டது. சங்கிலி எட்டிய மட்டும் நடப்பதும் திரும்புவதுமாக இருந்தது அப்பிராணி. வனவிலங்கு அதிகாரிகள் வந்து கொண்டு சென்றனர். மனிதரைக் கண்டு அஞ்சாத கரடியை மீண்டும் காட்டில் விடுவது எளிதன்று. அவ்வீட்டார் கெட்டவர்கள் அல்லர், நல்லெண்ணத்தால் தவறியவர்கள். கரடியின் குணத்தைத் தெரிந்துகொள்ளாததுதான் அவர்கள் செய்த பிழை.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுவே. காட்டில் குட்டியைத் தனியே கண்டால், அது அநாதை என்று கருதாதீர்கள். தாய் அருகே இருக்கக்கூடும். நெருங்குவது உங்கள் உயிருக்கும் ஆபத்து. ஓசையின்றி விலகிச் சென்று, தோட்ட நிருவாகத்திடமோ பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடமோ தெரிவியுங்கள். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இக்கரடி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அனுமதியின்றி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் கடுமையான குற்றம். விலை பேசி வருவோரிடம் ஏமாந்துவிடாதீர்கள்.

பாண்டாவைப் பேணுவதற்குக் குளிர் வேண்டும், மூங்கில் வேண்டும், பயின்ற மருத்துவர் வேண்டும். நம் கரடிக்கு இவை ஒன்றும் வேண்டா. அதற்குக் காடு வேண்டும். நாம் அதை விட்டு விலகி நிற்கவும் வேண்டும். வளர்ப்பது மட்டுமே அன்பு அன்று. வாழ விடுவதும் அன்புதான். இதை இன்றிரவே உங்கள் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.